பலவீனப்பட்ட இதயமும் பொருத்தும் கருவிகளும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் பழைய மாணவிகள் இருவர் இணைந்து ஆற்றிய உரை)



எங்களுக்குத் தந்த தலைப்பு ‘இதயத்தைக் காப்போம்’ என்பது. அது பெரிய தலைப்பு. உப்பைக் குறைப்பது, நடப்பது, பிரஷரையும் சீனியையும் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது பற்றியெல்லாம் முன்னர் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நாங்கள் எமது அன்றாட வேலையிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எங்களில் ஒருவர் இங்கே அரச வைத்தியசாலை ஒன்றின் இருதயப் பிரிவில் வைத்தியர். மற்றவர் இங்கிலாந்தில், இதயத்தில் கருவி பொருத்தியவர்களைப் பார்க்கும் கிளினிக்கில் தாதி. இருவருக்கும் ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. பெரும்பாலும் இரவு நேரம். பேசுபவர் ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ இருப்பார், தாயார் இங்கே வார்ட்டில் இருப்பார். “அம்மாவுக்கு மெசின் வைக்க வேணும் எண்டு சொல்லுறாங்கள். வைக்கிறதோ, விடுறதோ?”

“எந்த மெசின்?” என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இன்றைக்கு நாங்கள் பேச வந்தது அந்த ‘எந்த’ என்ற சொல்லைப் பற்றித்தான்.

முதலில் நோயின் பெயரைப் பார்ப்போம். ‘இதயச் செயலிழப்பு’ என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். கேட்டவுடன் இதயம் நின்றுவிட்டது என்று வீட்டார் பதறிப்போகிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. இதயம் நிற்கவில்லை, அடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள அதற்குப் பலம் போதவில்லை. கால் வீங்குகிறது, மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது, இரவில் இரண்டு மூன்று தலையணை வைத்துப் படுக்க வேண்டியிருக்கிறது. மாரடைப்பு இதற்கு ஒரு காரணம், ஒரேயொரு காரணம் அல்ல. நீண்டகால உயர் இரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு, சில புற்றுநோய் மருந்துகள், பிள்ளைப்பேற்றையொட்டி இதயத்தசை தளர்வது என்று வேறு வழிகளாலும் வரும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமான சகோதரிகள் இங்கேயும் இருப்பீர்கள். நீங்கள் பெற்ற மருந்துகள் எவை என்ற குறிப்பைக் கைவசம் வைத்திருங்கள். பின்னாளில் மூச்சு வாங்கினால் அதை வயதின் மேல் போட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனி விஞ்ஞான வகுப்புக்குப் போவோம். சோணையறை இரண்டு, இதயவறை இரண்டு என்று வெண்கட்டியால் படம் கீறிப் படித்தோமே, அந்தப் படம்தான். வலது சோணையறையின் மேற்பக்கத்திலுள்ள கணுவில் ஒரு சிறு மின்துடிப்பு பிறக்கிறது. அது நடுவிலுள்ள இன்னொரு கணுவில் கொஞ்சம் தாமதித்து, வலது கிளை, இடது கிளை என்று பிரிந்து இரண்டு இதயவறைகளுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறது. இந்த மின்பாதையில் மூன்று விதமான கோளாறு வரலாம். மூன்றுக்கும் மூன்று கருவி. எல்லாவற்றுக்கும் வீட்டில் ‘மெசின்’ என்ற ஒரே பெயர் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலாவது, துடிப்பு மிக மெதுவாகிவிடுவது அல்லது இடையில் அறுந்துவிடுவது. அதற்குத்தான் பேஸ்மேக்கர். 1958 ஒக்டோபர் 8 ஆம் திகதி, சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில் முதன்முறையாக முழுக்க முழுக்க உடம்புக்குள்ளே ஒரு பேஸ்மேக்கரை வைத்தார்கள். சத்திரசிகிச்சை செய்தவர் ஓகே செனிங், கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்குவிஸ்ற் என்ற பொறியியலாளர். நோயாளி ஆர்னே லார்சன், வயது 43. அவருடைய இதயம் நாளில் பல தடவை நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. செய்ய முடியாது, இன்னும் ஆயத்தம் இல்லை என்று சொன்ன அந்த இருவரையும் விடாமல் நெருக்கி இதைச் செய்ய வைத்தவர் அவருடைய மனைவி எல்ஸ்-மரி. சப்பாத்துப் பொலிஷ் தகரத்தை அச்சாக வைத்து வார்த்த அந்த முதற்கருவி சில மணித்தியாலங்களில் பழுதாகிவிட்டது. மனுஷன் அதற்குப் பிறகு 20 இற்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றிப் போட்டு, செனிங்கும் எல்ம்குவிஸ்றும் காலமான பின்னும் இருந்து, 2001 இல் தமது 86 ஆவது வயதில்தான் இறந்தார். இதயநோயால் அல்ல. மருத்துவ வரலாற்றில் மருத்துவரின் பெயரும் பொறியியலாளரின் பெயரும் எப்போதும் வரும். எல்ஸ்-மரியின் பெயரையும் பெண்கள் பாடசாலை மண்டபத்தில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று எங்களுக்கு ஆசை.

இரண்டாவது, துடிப்பு திடீரென்று தறிகெட்டு ஓடுவது. பலவீனப்பட்ட இதயவறை சுருங்குவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். சில நிமிடங்களில் மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்தாவிட்டால் உயிர் போய்விடும். ‘நித்திரையிலேயே போய்விட்டார்’ என்று நாம் சொல்லும் சில மரணங்கள் இப்படிப்பட்டவை. இதற்கான கருவி ஐ.சி.டி. அதை உருவாக்க முன்னின்றவர் வார்சோவில் பிறந்த மிசெல் மிரோவ்ஸ்கி. தமது மதிப்புக்குரிய மூத்த வைத்தியர் ஒருவர் 1966 இல் இப்படித் திடீரென இறந்ததே அவரை இந்த வேலையில் இறக்கியது. அக்காலத்துப் பெரிய வைத்தியர்கள் சிலர் இதை வீண்வேலை என்று எழுதியும் அவர் விடவில்லை. 1980 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் முதன்முதலாக இதைப் பெற்றுக்கொண்டவர் ஒரு பெண்மணி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐ.சி.டி. ஒரு காவலாளி. தறிகெட்ட துடிப்பைக் கண்டால் அடித்து நிறுத்தும். அதைத் தவிர, இதயத்தைப் பலப்படுத்தாது, மூச்சு வாங்குவதைக் குறைக்காது, கால் வீக்கத்தை வற்றச் செய்யாது. “வைச்சு ஆறு மாதமாச்சு, அம்மாவுக்கு ஒரு சுகமும் இல்லையே” என்று கோபப்படுபவர்களுக்கு இதை முன்கூட்டியே ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை என்றுதான் அர்த்தம். எவ்வளவு காக்கும் என்பதையும் கணக்காகவே சொல்கிறோம். 2005 இல் வெளியான, 2,521 நோயாளிகள் பங்குபற்றிய பெரிய ஆய்வொன்றில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் 100 இற்கு 36 பேரளவில். ஐ.சி.டி.யும் பொருத்தியவர்களில் 29 பேரளவில். 100 பேருக்குப் பொருத்தினால் ஐந்து ஆண்டில் ஏழு பேர் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள். ஏழு பேர் என்பது சிறிய தொகை அல்ல. ஆனால் ‘இது வைத்தால் ஒன்றும் நடக்காது’ என்று சொல்லக்கூடிய தொகையும் அல்ல.

மூன்றாவது கோளாறுதான் அதிகம் பேர் கேள்விப்படாதது. நனைந்த சேலையை இரண்டு பேர் பிடித்துப் பிழிவதை நினைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே நேரத்தில் முறுக்கினால் தண்ணீர் கொட்டும். ஒருவர் முதலில் முறுக்கி ஓய்ந்த பிறகு மற்றவர் முறுக்கினால் சேலை ஆடுமே தவிர தண்ணீர் போகாது. மின்பாதையின் இடது கிளை அடைபட்ட இதயத்தில் இதுதான் நடக்கிறது. நடுச்சுவர் முதலில் சுருங்குகிறது, இடது வெளிச்சுவர் பிந்திச் சுருங்குகிறது, இரத்தம் உள்ளேயே தளும்புகிறது. இதை ஈ.சி.ஜி. கடதாசியில் கண்ணால் காணலாம். இதயவறைகள் சுருங்குவதைக் காட்டும் அந்த உயரமான கோடு வழமையில் மூன்று சின்னக் கட்டத்துக்குள் முடிந்துவிடும். ஒரு சின்னக் கட்டம் என்றால் 40 மில்லிசெக்கன். இவர்களுக்கு அது நான்கு கட்டம் வரை, அதற்கு மேலும் அகலும்.

இதற்கான கருவி சி.ஆர்.டி. வழமையான கம்பிகளோடு இன்னொரு கம்பியை இதயத்தின் பின்புறமுள்ள முடியுரு நாளத்தின் ஊடாக இடது இதயவறையின் வெளிப்பக்கத்துக்குக் கொண்டுபோய், இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தட்டிவிடுகிறார்கள். முறுக்கும் இருவரையும் ஒரே தாளத்துக்குக் கொண்டு வருவதுதான். 813 பேர் பங்குபற்றி 2005 இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், அதிர்ச்சி கொடுக்கும் வசதி இல்லாத வெறும் சி.ஆர்.டி. இறப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. மூச்சு, நடை, நித்திரை எல்லாம் மேம்பட்டன. எல்லோருக்கும் அல்ல. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பெரிய மாற்றம் தெரிவதில்லை. காவலாளியையும் தாளக்காரரையும் ஒரே பெட்டிக்குள் வைத்த கருவியும் உண்டு. விலையும் அதற்கேற்றாற் போல.

ஆகவே சகோதரிகளே, வைத்தியர் ‘மெசின்’ என்றால் நீங்கள் கேட்க வேண்டியது: இது மெதுவான துடிப்புக்கா, திடீர் மரணத்தைத் தடுக்கவா, இதயத்தின் தாளத்தைச் சரிசெய்யவா? அடுத்து எக்கோவில் வெளியேற்று வீதம் எவ்வளவு என்று கேளுங்கள். நல்ல இதயம் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் 55 முதல் 70 வீதம் வரை தள்ளும். அது 35 வீதமோ அதற்குக் கீழோ இருந்தால்தான் காவலாளியைப் பற்றிய பேச்சே பொதுவாகத் தொடங்கும். அப்போதும் உடனே அல்ல. மாரடைப்பு வந்தவராயின் குறைந்தது 40 நாட்கள், மருந்துகளைச் சரியான அளவில் எடுத்துக் குறைந்தது 3 மாதங்கள் பொறுத்து, மீண்டும் எக்கோ பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இன்றுள்ள நான்கு வகை மருந்துகளும் சேர்ந்து பலருடைய இதயத்தை அந்த எல்லைக்கு மேலே கொண்டுவந்து விடுகின்றன. பிள்ளைப்பேற்றையொட்டி இதயம் தளர்ந்த இளம் தாய்மார் பலர் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். அவர்களுக்கு அவசரப்பட்டு வாழ்நாள் முழுவதற்கும் ஒரு கருவியை வைத்துவிடக் கூடாது. வயது கூடியவர்களிலும் யோசிக்க வேண்டியிருக்கிறது. மாரடைப்பு அல்லாத காரணத்தால் இதயம் பலவீனப்பட்ட 1,116 பேரை வைத்து டென்மார்க்கில் செய்து 2016 இல் வெளியிட்ட ஆய்வில், ஐ.சி.டி. திடீர் மரணத்தை ஏறத்தாழப் பாதியாக்கியது. ஆனால் மொத்த இறப்பு சொல்லும்படியாகக் குறையவில்லை. பயன் வயது குறைந்தவர்களிடமே கூடுதலாகத் தெரிந்தது.

பெண்களைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் மேலே சொன்ன பெரிய ஆய்வுகளிலெல்லாம் பெண்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். சிலவற்றில் அதைவிடக் குறைவு. ஆண்களில் பார்த்து எழுதிய அளவுகோலால்தான் பெண்களையும் அளந்து வந்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் பழைய சி.ஆர்.டி. ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து 2014 இல் வெளியிட்டபோது ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. இடது கிளை அடைபட்டு, அந்த ஈ.சி.ஜி. கோடு 130 முதல் 149 மில்லிசெக்கன் வரை மட்டுமே அகன்றிருந்தவர்களில், பெண்களுக்குத் தெளிவான பயன் இருந்தது, ஆண்களுக்கு இருக்கவில்லை. பெண்ணின் இதயம் சிறியது. சிறிய வீட்டுக்குள் அந்தத் தாமதமே பெரிய தாமதம். வைத்திய வழிகாட்டிகள் 150 ஐத்தான் உறுதியான எல்லையாகச் சொல்லி வந்தன. ‘இன்னும் அகலவில்லை, பிறகு பார்ப்போம்’ என்று உங்கள் தாயாருக்குச் சொன்னால், “பெண்களுக்கு இந்த அளவிலும் பயன் உண்டாமே, டொக்டர்?” என்று பணிவாகக் கேட்கலாம். அப்படிக் கேட்பதை நல்ல வைத்தியர் எவரும் குறையாக எடுக்க மாட்டார்.

தாமதத்தின் பாதிக் காரணம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் அன்றைக்கே கார் பிடிக்கிறோம். அம்மாவுக்கு வாங்கினால், “திருவிழா முடியட்டும்” என்று அம்மாவே சொல்லிவிடுகிறார், நாங்களும் கேட்டுக்கொள்கிறோம்.

பொருத்திய பிறகு வாழ்க்கை எப்படி? கருவி சாதாரணமாக இடது காறையெலும்புக்குக் கீழே, தோலின் அடியில் வைக்கப்படும். பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமல் அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து வைப்பார்கள். நாம் முந்தானையைப் பின் குத்தும் இடத்துக்கும் உள்ளாடைப் பட்டி அழுத்தும் இடத்துக்கும் அது பக்கத்தில். ஆண் வைத்தியர்களுக்கு இது ஞாபகத்துக்கு வராது. வெட்டுவதற்கு முதல் நாளே நீங்கள் சொல்லுங்கள், அரை அங்குலம் தள்ளி வைத்துத் தருவார்கள். முதல் நாலு தொடக்கம் ஆறு கிழமை இடக்கையைத் தோளுக்கு மேலே உயர்த்தக் கூடாது. கம்பி இன்னும் தசையில் ஊன்றியிருக்காது. கொடியில் உடுப்புக் காயப்போடுவது, மேல்தட்டில் இருந்து பானை இறக்குவது, கிணற்றில் தண்ணீர் அள்ளுவது எல்லாவற்றையும் வேறொருவர் பார்க்கட்டும். நல்லூரில் அடியழிப்பதாக நேர்த்தி வைத்திருப்பவர்கள் கந்தனிடம் கொஞ்சம் தவணை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காகக் கையை அசைக்காமலே கட்டிவைத்திருக்கவும் வேண்டாம், தோள் விறைத்துவிடும்.

கைத்தொலைபேசியைச் சட்டைக்குள் கருவியின் மேலே வைக்காதீர்கள்; 15 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் போதும். மைக்றோவேவ் அடுப்பால் பிரச்சினை இல்லை. காந்தத்தால் சூடாகும் இன்டக்சன் அடுப்போடு மட்டும் இரண்டடி விலகி நில்லுங்கள். விமான நிலையத்தில் அடையாள அட்டையைக் காட்டுங்கள். காயம் சிவந்தால், வீங்கினால், நீர் கசிந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். பத்துப் போடுவது, எண்ணெய் பூசுவது வேண்டாம். கிருமி உள்ளே போனால் முழுக் கருவியையும் கம்பியையும் வெளியே எடுக்க வேண்டி வரும்.

ஐ.சி.டி. அதிர்ச்சி கொடுத்தால் நெஞ்சில் குதிரை உதைத்தது போல இருந்தது என்று சொல்வார்கள். ஒரு தடவை அடித்து, பிறகு சுகமாக இருந்தால் கிளினிக்குக்கு அறிவியுங்கள். இரண்டு மூன்று தடவை அடித்தாலோ, அடித்த பிறகு மயக்கமோ நெஞ்சு நோவோ இருந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு. அந்த நேரம் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு ஒரு சிறு சுரீர் என்ற உணர்வு வரலாம், ஆபத்தில்லை. அதற்குப் பயந்து கையை விடாதீர்கள்.

இப்போது யாரும் பேச விரும்பாத இடத்துக்கு வருகிறோம். நிகழ்ச்சி நிரலில் நூற்றாண்டுக் கொண்டாட்டம் என்று போட்டிருக்கும்போது இதைப் பேசலாமா என்று நாங்கள் இருவரும் யோசித்தோம். பேசாவிட்டால் நாங்கள் வந்ததில் பயனில்லை என்று முடிவெடுத்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார். ஐ.சி.டி. வைத்துப் பல ஆண்டுகள் நன்றாக இருந்தவர். பிறகு புற்றுநோய் வந்து முற்றி, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று எல்லோரும் சம்மதித்து அழைத்துப் போனார்கள். கடைசி இரவில், உடம்பு தானாக அடங்கும் நேரத்தில், இதயத்தின் துடிப்புத் தறிகெட்டது. காவலாளி தன் கடமையைச் செய்தது. அடித்தது. மீண்டும் அடித்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அதை நிறுத்தலாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அந்த மகள் இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னபோது அழவில்லை. “ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?” என்று மட்டும் கேட்டார்.

அதிர்ச்சி கொடுக்கும் வசதியை நிறுத்தலாம். வெட்டத் தேவையில்லை, ஊசி தேவையில்லை. தோலின் மேல் ஒரு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் நிறுத்திவிடலாம். அவசரமானால் வட்டக் காந்தம் ஒன்றைக் கருவியின் மேலே ஒட்டிவைத்தாலே பெரும்பாலான கருவிகளில் அதிர்ச்சி தற்காலிகமாக நிற்கும். இதை நிறுத்துவதால் ஆள் அந்தக் கணமே இறப்பதில்லை. துடிப்பைத் தட்டிவிடும் பேஸ்மேக்கர் பகுதி தொடர்ந்து வேலை செய்யும். மனம் மாறினால் திரும்பவும் போடலாம். இது கொலையுமல்ல, கைவிடுவதுமல்ல. கூடப் பிறந்தவர்கள் நாலு நாட்டில் இருக்கும் குடும்பங்களில் அந்தக் கடைசி இரவில் இதைப் பேசி முடிவெடுக்க முடியாது. ஒருவர் சரி என்பார், ஒருவர் ‘அம்மாவைக் கொல்லப் பார்க்கிறியோ’ என்பார். பற்றரி தீர்ந்து கருவி மாற்றும் நேரம் பேசுவதற்கு நல்ல சந்தர்ப்பம். ஐந்து, எட்டு, பத்து ஆண்டுக்கு ஒருமுறை அது எப்படியும் வரும். அம்மாவிடமே கேளுங்கள். எங்கள் அனுபவத்தில் இந்தக் கேள்வியைப் பிள்ளைகளைவிட அம்மாமார்தான் நிதானமாக எதிர்கொள்கிறார்கள்.

இன்னொன்று, நம்மவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. தகனம் செய்வதானால் கருவியைக் கட்டாயம் முதலில் எடுத்துவிட வேண்டும். மூடிய உலோகப் பெட்டிக்குள் பற்றரி இருக்கிறது, நெருப்பில் வெடிக்கும். இங்கிலாந்தில் தகனசாலைகள் சேதமடைந்ததால் இதைப் பற்றிய கேள்வியைப் படிவத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இங்கே கிராமத்துச் சுடலையில் படிவம் நிரப்புவதில்லை. சிதைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் மகனும் பேரனும்தான். ஆகவே வைத்தியசாலையிலோ மலர்ச்சாலையிலோ வீட்டார்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அப்படி எடுத்த கருவி குப்பைக்குத்தான் போக வேண்டுமா? கனடாவில் பழைய கருவிகளைச் சேகரித்துக் கிருமிநீக்கி, மெக்சிக்கோ, குவாத்தமாலா போன்ற நாடுகளில் காசு இல்லாத 1,051 பேருக்குப் பொருத்தினார்கள். அதன் முடிவு 2020 இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டில் கிருமித்தொற்று வந்தவர்கள் 100 இற்கு 2 பேர். கனடாவில் புதிய கருவி பெற்றவர்களில் 1.2. புள்ளிவிபரக் கணக்கில் இந்த வித்தியாசம் உறுதியானதல்ல என்றார்கள். கட்டாயம் தேவை, பணம் இல்லை என்று காத்திருப்பவர்களை நாளாந்தம் பார்க்கும் எங்களுக்கு அந்தக் கட்டுரை நித்திரையைக் கெடுத்தது. 1961 இல் கண்தானச் சங்கத்தைத் தொடங்கி உலகத்துக்கே கண் கொடுத்த நாடு இது. சட்டம், தரம், பொறுப்பு எல்லாவற்றையும் யோசித்துத்தான் இப்படியொன்றைச் செய்ய வேண்டும், யாரும் தனியாகப் பயணப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரக் கூடாது. ஆனால் யோசிக்கவாவது தொடங்கலாம். இந்தச் சங்கத்தில் சட்டத்தரணிகளும் இருக்கிறீர்கள், பொறியியலாளரும் இருக்கிறீர்கள், வெளிநாட்டு வைத்தியசாலைகளின் நிர்வாகத்தில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள்.

மண்டப வாசலில் உள்ள மேசையில் மூன்று மாதிரிக் கருவிகளை வைத்திருக்கிறோம். ஒன்று பேஸ்மேக்கர், ஒன்று ஐ.சி.டி., ஒன்று சி.ஆர்.டி. தேநீர் இடைவேளையில் கையில் எடுத்துப் பாருங்கள், பாரத்திலேயே வித்தியாசம் தெரியும். பக்கத்தில் அந்த வட்டக் காந்தமும் இருக்கிறது. சபையில் கேட்கத் தயங்குபவர்கள் அங்கே வந்து கேளுங்கள், நாங்கள் இருவரும் நிற்போம்.